மூன்றாம் இரவின் கட்டம்

உ
பெங்களூர்
4-9-1983

மதிப்பிற்குரிய பரமானந்தம் அண்ணனுக்கு, விசாலாட்சி எழுதுவது.

நலமா? அருள்மேரி அக்கா நலமா? நாலரை வருஷம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு இப்போது நலம் விசாரிப்பது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விசாரிக்காமல் விஷயத்துக்கு வரவும் கை வரவில்லை.

ஒரு சோலியாகத்தான் எழுதுகிறேன். வெளிநாட்டில் ஒரு குழு நம்முடைய ஜோடி நட்சத்திரத்தை நான்கு வருஷமாகத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒளியின் சாய்வு மாறவே இல்லை என்கிறார்கள். 1977-இல் நாம் பார்த்த அதே சாய்வுதானாம் இன்றும். 1978-இல் அது இருபத்தாறு டிகிரி திரும்பிவிட்டது என்று நான் கட்டுரை எழுதியிருக்கிறேனே, அதற்கு மூலக் குறிப்பேட்டைக் காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். மூன்று வருஷப் பக்கங்களையும் நீங்கள் பிரதி எடுத்து அனுப்பினால் உதவியாக இருக்கும். முக்கியமாக 1979, நீங்கள் தனியாகப் பார்த்த பருவம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழனி அடிவாரத்தில் விபூதிக் கடையைப் பூட்டிவிட்டு ஒரு நாள் அப்பா நம் வானாய்வு நிலையத்துக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? "ரெண்டு நட்சத்திரம் ஒட்டிக்கிட்டுச் சுத்துதுன்னு எப்படிப்பா தெரியும், பாத்தா ஒண்ணாத்தான கெடக்கு" என்று கேட்டார். நீங்கள் கொடிக்கயிற்றைப் பிடித்து எல்லாப் பக்கமும் குலுக்கிக் காட்டினீர்கள். "வெளிச்சம் இப்படித்தாங்க எல்லாத் திசையிலயும் ஆடிக்கிட்டு வரும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு ஆவி ஓடுது. அதுல பட்டுத் தெறிச்சதும் ஒரு திசை ஆட்டம் மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கும். நம்ம போலராய்டு தட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தா அது எந்தத் திசைன்னு தெரிஞ்சிரும்" என்றீர்கள். இங்கே மாணவர்களுக்கு நான் இன்றும் அதையேதான் சொல்கிறேன், கயிற்றோடு. யார் சொன்னது என்று மட்டும் சொல்வதில்லை.

பதிலை எதிர்பார்க்கும்,
விசாலாட்சி

---

+
செண்பகனூர்
15-9-1983

டாக்டர் அம்மா அவர்களுக்கு, பரமானந்தம் வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. இருவரும் நலம். அருள்மேரிக்கு மூட்டுவலி மட்டும் இருக்கிறது. பள்ளிக்கூட அடுப்படி வேலையை இன்னும் விடவில்லை.

தாங்கள் கேட்ட பிரதியை என்னால் எடுக்க இயலாது. தொலைநோக்கி அறையின் சாவி என்னிடமிருந்து வாங்கப்பட்டு நாலரை வருஷம் ஆகிறது. அது தங்களுக்குத் தெரியாதது அல்ல. இப்போது என் வேலை மழைமானி. காலை எட்டரைக்குக் குப்பியை எடுத்து, அளந்து, எழுதி, கவிழ்த்து வைப்பேன். சாயங்காலமும் அப்படியே. மழை பெய்யாத நாளில் பூஜ்யம்தான், ஒரு சுன்னம் போடுவேன். போளூர் மேட்டு நிலையத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு சுன்னம் போட்டுவிட்டு வருகிறாயா என்று அருள்மேரி கேட்பாள். சிரித்துக்கொண்டே கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வராது.

குறிப்பேடுகள் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. இப்போதைய பொறுப்பாளர் கந்தவேல் சாருக்குத் தாங்கள் எழுதினால் அனுப்பி வைப்பார். 1979 பக்கங்களின் குறுக்கே, அப்போது பொறுப்பில் இருந்த தங்கள் பேராசிரியர் திருமலைச்சாமி சிவப்பு மையில் 'நம்பத்தக்கதல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிரதியில் அது கறுப்பாக விழும். வெளிநாட்டாருக்கு அனுப்பும்போது அதன் அர்த்தத்தையும் தாங்கள் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

வருகிற ஏப்ரல் முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறேன். அந்தச் சிவப்பு மையோடுதான் இறங்கிப் போகிறேன் என்பது ஒன்றுதான் குறை. வேறு குறை இல்லை.

இப்படிக்கு,
அ. பரமானந்தம்

---

உ
பெங்களூர்
28-9-1983

பரமானந்தம் அண்ணனுக்கு,

'டாக்டர் அம்மா' என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி என்று கூப்பிட்ட வாய். அந்த வார்த்தையைப் படித்துவிட்டுக் கடிதத்தை இரண்டு நாள் தொடவில்லை.

கந்தவேலுக்கு எழுதி 1979 பக்கங்களை வரவழைத்தேன். ஒவ்வொரு இரவும் ஜோடியைப் பார்க்குமுன் ஒரு தடவை, பார்த்தபின் ஒரு தடவை என்று ஸ்டாண்டர்டு நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்கள். சாய்வு மாறாத நட்சத்திரம் அது. அதைப் பார்த்துத்தான் நம் கருவி சரியாக நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள முடியும். குறிப்பேட்டில் அதற்கான உங்கள் கட்டங்கள் ஒன்றுகூடக் காலியில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, அண்ணே.

1979 மார்ச்சில் பேராசிரியர் அறையில் நடந்ததை நான் மறக்கவில்லை. உங்களுடைய பருவத்தில் ஜோடியின் சாய்வு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஒன்று என்னுடைய 1978 தவறு, இல்லை உங்களுடைய 1979 தவறு. என் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் உங்களைப் பார்த்து, "ஸ்டாண்டர்டப் பாக்காமலே போன வருஷ நம்பர எழுதிட்ட. அப்படித்தானய்யா?" என்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டாண்டர்டைப் பார்க்காமல் எழுதியது நான். 1978 ஜனவரியில் அந்தப் பருவத்தின் முதல் இரவு. ஜோடியை முடித்ததும் மேகம் இறங்கிவிட்டது. நீங்கள் கூரையை மூடப் போயிருந்தீர்கள். கட்டம் காலியாக இருந்தது. பேராசிரியருக்குக் காலிக் கட்டம் என்றால் ஆகாது, மறுநாளே கேட்பார். போன வருஷ எண்ணை எழுதிவிட்டேன். ஒரு நாள்தானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதே மேகம்தான்.

நான் செய்ததை நீங்கள் செய்ததாகச் சொன்னார். கேட்டுக்கொண்டு இருந்தேன். முப்பத்தைந்து வயதில் இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்கு வாய் கூசவில்லை.

நீங்கள் ஏன் மறுத்துப் பேசவில்லை? இத்தனை வருஷமாக அது ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை.

விசாலாட்சி

---

+
செண்பகனூர்
20-10-1983

அம்மா,

முந்திய கடிதத்தில் கொஞ்சம் குத்தலாக எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கும் நிம்மதி போய்விட்டது. நீங்கள் என்னைக் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் நான் இத்தனை நாள் சுமந்த நல்ல பேர் போய்விடும். என் வீட்டிலும் திருச்சபையிலும் நான் பாவப்பட்ட மனுஷன், செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கியவன். அந்தப் பேரில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதைத்தான் இப்போது விடுகிறேன்.

போன வாரம் நிலையத்தில் ஆயுத பூஜை. கந்தவேல் சார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். என் மழைமானிக்கும் ஒரு பொட்டு. எனக்குப் பொரிகடலை பொட்டலம் கொடுத்தார். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இனிமேலும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷனில்லை என்று பட்டது.

1977 ஆயுத பூஜைக்கு நீங்கள் பழனியிலிருந்து சந்தனமும் குங்குமமும் கொண்டு வந்தீர்கள். மழைக்காலம் ஆனதால் போலராய்டு தட்டைக் கழற்றி, பூசணம் பிடிக்காமல் இருக்க பல்பு எரியும் அலமாரிக்குள் வைத்திருந்தோம். அதை வளையத்தோடு எடுத்து மேசையில் வைத்து, வளையத்து விளிம்பில் நீங்கள் ஒரு பொட்டு வைத்தீர்கள். பூஜை முடிந்து அப்படியே அலமாரிக்குள் போய்விட்டது. பல்புச் சூட்டில் இரண்டு மாதத்தில் அது காய்ந்து இறுகிவிட்டது.

ஜனவரியில் தட்டைத் திரும்ப மாட்டியது நான். வளையத்தின் சிவப்புக் குறி, கருவிப் பெட்டியில் இருக்கும் கோட்டுக்கு நேராக வர வேண்டும். நாம் எனாமலில் வைத்த குறி ஈரத்தில் கறுத்து, இருக்கிற இடமே தெரியவில்லை. பளிச்சென்று ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. பழையது மங்கிவிட்டதென்று நீங்கள் புதுசாக வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்து அதைக் கோட்டுக்கு நேராக நிறுத்தினேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருஷம், 1979 ஜனவரியில் மாட்டும்போது விரல் ஈரமாக இருந்தது. குறி விரலோடு வந்துவிட்டது. எனாமல் அப்படி வராது. முகர்ந்து பார்த்தேன், சந்தனம். ஒரு வருஷப் பருவம் முழுவதையும் நான் குங்குமத்துக்கு நேராக நிறுத்தியிருக்கிறேன் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. துணியால் துடைத்தேன். கறுத்த குறியைத் தேடி அதற்கு நேராக மாட்டினேன். குறிப்பேட்டில் ஒரு எழுத்து எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை? உங்கள் ஆய்வேடு அனுப்பும் தறுவாயில் இருந்தது, அது கெட்டுவிடக் கூடாது என்று எழுதவில்லை. இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் நிஜம். மாட்டினவன் நான், வேலை போய்விடும் என்ற பயம் மற்றப் பாதி. அதனால்தான் பேராசிரியர் கேட்டபோது குனிந்தேன். சொல்லாத குற்றம் ஒன்று கையில் இருக்கும்போது சொன்ன குற்றத்தை மறுக்க நாக்கு எழவில்லை.

ஒன்று கேட்கிறேன். முதல் இரண்டு இரவும் மேகம் இறங்கியது உண்மை. கூரையை மூடினது நான்தான். ஆனால் மூன்றாம் இரவு வானம் துடைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ஸ்டாண்டர்டை நாம் பார்த்தோமே, அம்மா. தட்டைத் திருப்பினதும் நான், எண்களை வாசித்ததும் நான். நீங்கள் கணக்குப் போட்டீர்கள். நான் தட்டைத் தப்பாக மாட்டியிருந்தேன் என்றால் அந்தக் கணக்கு தப்பாகத்தானே வந்திருக்க வேண்டும்? குறிப்பேட்டில் சரியான எண் இருக்கிறது. அன்றைக்கு எவ்வளவு வந்தது?

பரமானந்தம்

---

உ
பெங்களூர்
6-11-1983

அண்ணே,

இருபத்தாறு டிகிரி தள்ளி வந்தது.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

முந்திய கடிதத்தில் மேகத்தின் மேல் பாரத்தைப் போட்டுப் பாதி உண்மையைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். நீங்கள் இவ்வளவு ஞாபகம் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. மூன்றாம் இரவு கணக்குப் போட்டதும் கருவி தள்ளி நிற்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜோடி திரும்பியிருந்ததும் அதே இருபத்தாறு. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் முதல் இரண்டு இரவுகளைப் பார்த்துவிட்டுப் பேராசிரியர் குதித்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே ஓடும் ஆவி திசை மாறிவிட்டது, உலகத்தில் யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்டோம் என்று மெட்ராசுக்குக் கடிதம்கூடப் போட்டுவிட்டார். முதல் தடவையாக என்னை "வாம்மா, உட்காரு" என்று சொன்னார். அந்த நாற்காலியை விட்டு எழ எனக்கு மனம் வரவில்லை.

மெல்லிய மேகம் எங்கேயாவது இருந்திருக்கும், நம் அளவு தவறாயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்குப் போட்ட தாளைக் கிழித்துக் கணப்பு அடுப்பில் போட்டேன். கட்டத்தில் போன வருஷ எண்ணை எழுதினேன். "சரியா இருக்காம்மா?" என்று நீங்கள் கேட்டீர்கள். "சரியா இருக்குண்ணே" என்றேன். மீதி நான்கு இரவும் ஸ்டாண்டர்டு பக்கம் தொலைநோக்கியைத் திருப்பவே விடாமல் கட்டத்தில் அதே பழைய எண்ணை எழுதினேன். குளிருது, வெரசா முடிச்சிட்டுப் போகலாம் என்று உங்களை அவசரப்படுத்தினேன்.

நீங்கள் செய்தது கைத்தவறு. நான் செய்தது பொய். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பத்திரிகைக்குத் திருத்தம் எழுதப்போகிறேன். 1978 அளவுகள் தவறு, 1979-இல் அ. பரமானந்தம் எடுத்த அளவுகளே சரி என்று உங்கள் பேரைப் போட்டு எழுதுகிறேன். ஜனவரியில் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் இருக்கிறது. அதற்குப் பிறகு அனுப்பலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அப்படி யோசித்ததையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நேர்காணலுக்கு முன்பே அனுப்புகிறேன்.

விசாலாட்சி

---

+
செண்பகனூர்
22-1-1984

அம்மா,

பொங்கல் முடிந்த மறுநாள் நீங்கள் அனுப்பிய திருத்தத்தின் பிரதியும், எனக்காகத் தமிழில் எழுதிய சுருக்கமும் வந்தன. என் பேர் ஆங்கிலத்தில் அச்சுக்குப் போகிற மாதிரி இருப்பதை அருள்மேரி நாலு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இத ஏன் அன்னைக்கே சொல்லல அந்தப் புள்ள?" என்று உங்களைத் திட்டினாள். அப்புறம் மூக்கைச் சிந்தினாள். மூன்றாம் இரவைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் எனக்குக் கோபம். தட்டு தவறாக மாட்டப்பட்டதற்கு 'கட்டுரை ஆசிரியரின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் நீங்கள். மாட்டினது நான். குங்குமப் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1979-இல் அதைக் கண்டுபிடித்துத் துடைத்துவிட்டுச் சும்மா இருந்தவனைப் பற்றியும் இல்லை. அந்த இடத்தில் நான் ஒரு தப்பும் செய்யாத புண்ணியவானாக நிற்கிறேன்.

எனக்கு இரக்கம் காட்டியிருக்கிறீர்கள். ஓய்வு பெறப்போகிற கிழவனுக்கு எதற்கு இன்னொரு கரி என்று நினைத்திருப்பீர்கள். பார்க்காத எண்ணைக் கட்டத்தில் எழுதினது போலத்தான் இதுவும். என் கட்டத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம், அம்மா. நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் பொய்யோடு டாக்டர் ஆகியிருக்க மாட்டீர்கள், நானும் மழைமானியைக் கவிழ்த்துக்கொண்டிருக்க மாட்டேன். உங்களைக் காப்பாற்றினேன் என்று நினைத்து உங்களைக் குழியில்தான் தள்ளினேன்.

என்னுடையதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் என் பேரை எடுத்துவிடுங்கள்.

பரமானந்தம்

---

உ
பெங்களூர்
14-3-1984

அண்ணே,

சேர்த்து எழுதி அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் அந்தச் சிவப்புப் பொருள் என்ன, அது எப்படி வளையத்துக்கு வந்தது என்று கேட்டிருந்தார். பூஜையைப் பற்றி நாலு வரி எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். 1979-இல் பிழையைக் கண்டவர் அதைப் பதிவு செய்யவில்லை என்ற வரியும் இருக்கிறது. அதை எழுதும்போது என் மேல் எழுதியதைவிட அதிகமாக வலித்தது. நீங்கள் கேட்டதால் எழுதினேன்.

பதவி உயர்வு இல்லையென்று ஆகிவிட்டது. பட்டத்தை மறுபரிசீலனை செய்யப் பல்கலைக்கழகம் குழு போட்டிருக்கிறது. இங்கே காப்பி குடிக்க என்னோடு வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது வேறு நேரத்தில் போகிறார்கள். இதையெல்லாம் உங்களிடம் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இது என் பங்கு.

பேராசிரியர் திருமலைச்சாமியிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. 'அன்று நானே ஒரு முறை ஸ்டாண்டர்டைப் பார்த்திருக்கலாம்.' அவ்வளவுதான்.

அந்தச் சிவப்பு மையை அடித்துவிட வேண்டும் என்று கந்தவேலுக்கு முறைப்படி எழுதியிருக்கிறேன். ஏப்ரல் முப்பதுக்குள் செய்ய வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதினேன். ஐந்து வருஷ இரவுகளை எந்தக் கடிதம் எழுதி உங்களுக்குத் திருப்பித் தருவது என்றுதான் தெரியவில்லை. மன்னியுங்கள் என்று கேட்கவும் நா எழவில்லை. கேட்டால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், அது எனக்கு லாபமாகப் போய்விடும்.

விசாலாட்சி

---

+
செண்பகனூர்
2-5-1984

தங்கச்சி,

முந்தாநாள் ஓய்வு பெற்றேன். காலையில் வெள்ளனே போய்க் கடைசியாக மழைமானியைப் பார்த்தேன். கோடை மழை பெய்திருந்தது. நல்லவேளை, கடைசி நாளில் சுன்னம் போடவில்லை.

சாயங்காலம் மாலை போட்டு, காராசேவும் காப்பியும் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் கந்தவேல் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்தார். 1979 குறிப்பேட்டை என் முன்னாலேயே விரித்து வைத்து, பக்கம் பக்கமாக அந்தச் சிவப்பு எழுத்தைக் கோடு போட்டு அடித்து, 'அளவுகள் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினொரு பக்கம். இதைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"சார், அந்தப் பேனாவக் கொஞ்சம் குடுங்க" என்றேன். முதல் பக்கத்தில், தட்டு மாட்டின நாளுக்கு நேராகக் கொஞ்சம் இடம் இருந்தது. 'வளையத்தில் இருந்த குங்குமத்தைத் துடைத்து, பழைய குறிக்கு நேராக மாட்டினேன். போன வருஷம் குங்குமத்துக்கு நேராக மாட்டியிருந்தது தவறு. மாட்டியவன் நான்' என்று எழுதினேன். "தேதி என்னன்னு போடட்டும் சார், அன்னைக்குள்ளதையா?" என்று கேட்டேன். அவர் சுவரில் இருந்த நாள்காட்டியைக் காட்டினார். "எழுதுற தேதியத்தான போடணும்" என்றார். 30-4-1984 என்று போட்டேன். ஐந்து வருஷமும் மூன்று மாதமும் தாமதம். பார்க்கிறவர்களுக்கு அது தெரியட்டும்.

பிறகு 1978 குறிப்பேட்டையும் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் இரவின் பக்கத்தைப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது, ஒரு அடித்தல் இல்லை. "இதுக்கும் சரியான நம்பர நீங்களே எழுதிருங்களேன், உங்களுக்குத் தெரியும்ல?" என்றார் கந்தவேல் சார். தெரியும். எழுதியிருப்பதிலிருந்து இருபத்தாறு தள்ளி. பேனாவும் கையில்தான் இருந்தது.

நான் எழுதவில்லை. மூடி அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அது உங்கள் கட்டம். நீங்கள்தான் வந்து எழுத வேண்டும். பழனிக்கு வந்து அங்கிருந்து காலைப் பஸ்ஸில் ஏறினால் மத்தியானத்துக்குள் செண்பகனூர் வந்துவிடலாம். நானும் கூட வருகிறேன், போளூர் மேட்டுக்குச் சேர்ந்தே போகலாம். அருள்மேரிக்கு உங்கள் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டாள்.

அன்புடன்,
பரமானந்தம்